பிள்ளையார் சுழிப் பூட்டு

இதை எழுத வேண்டும் என்று முதலில் தோன்றியது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், என் இரண்டு கைகளும் செண்டோல் கிண்ணத்தோடு மாட்டிக்கொண்டிருந்தபோது. தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, நொறுக்கிய ஐஸ், அதற்குள் பச்சைப் புழுக்கள்போல நெளியும் மாவு இழைகள். ஒரு வாய் உள்ளே போனதும், புழு என்று நினைத்ததற்கு அந்த இழைகளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

எதிரே கைப்பேசிக் கடைக்காரர் என் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டி முடித்து, காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்தார். தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். போன் ஒன்பது புள்ளிகளைக் காட்டியது. அவர் என் கைகளைப் பார்த்தார். நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். பிறகு நடுப்புள்ளியில் விரலை வைத்து, மேலே ஏறி, இடப்பக்கம் வளைந்து இறங்கி, அடிவரிசையில் வலப்பக்கமாக ஒரே இழுப்பு.

போன் திறந்துகொண்டது.

"பாஸ்! எப்படி?" என்றேன். செண்டோல் கொஞ்சம் சிந்திவிட்டது.

"பிள்ளையார் சுழிதானே? நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு இதான் லா. புள்ளியப் பாத்தா கை தானா சுழி போடும்." பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது இந்த ஊர்ப் பழக்கம்.

"உங்களோடது?"

அவர் தன் போனை எடுத்து, வெட்கப்பட்டுக்கொண்டே அதே சுழியைப் போட்டுத் திறந்தார். "வைஃப் மாத்து மாத்துன்னு கத்துறா. எனக்குக் கை வரமாட்டேங்குது."

இருவரும் சிரித்தோம். நான் பூட்டை மாற்றினேனா? இல்லை. மழை வருகிற மாதிரி இருந்தது, ஓடிவிட்டேன்.

என் போனில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். திருச்சி உறையூரில் என் அத்தை வரன் பார்த்துக் கொடுப்பவர். கல்யாணத் தரகர் என்று சொன்னால் கோபம் வரும். "பொருத்தம் பாக்குறேன்" என்பார். பல வருடங்களாக அவருடைய அலுவலகம் மூன்று மஞ்சப்பைகள். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வந்த வேலைகளெல்லாம் சலித்துப்போய், அத்தையோடு சேர்ந்த கையோடு அந்த மூன்று பைகளையும் ஒழித்தேன். ஜாதகம், புகைப்படம், சம்பளம், பிறந்த நேரம், "பெண்ணுக்குக் கொஞ்சம் கோபம் வரும்" என்பது போன்ற அத்தையின் குறிப்புகள், எல்லாவற்றையும் போனுக்குள் ஏற்றி, காகிதங்களை அந்தந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "இனிமே எல்லாம் என் உள்ளங்கையில அத்தை" என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அத்தைக்கு ஒரு கொள்கை உண்டு. நேரில் ஒருமுறை பார்க்காமல் யாரையும் யாருக்கும் சொல்லமாட்டார். கிளாங் பக்கத்துப் பண்டமாரானில் ஷாமினி என்று ஒரு பெண், மணமுறிவு ஆனவர், மறுமணத்துக்கு வரன் தேடுகிறார். கோலாலம்பூர் பங்சாரில் வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர். இருவரும் தனித்தனியே அத்தையிடம் வந்து சேர்ந்தவர்கள். அத்தைக்கு முட்டி வலி. அதனால் நான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றியே போனது. வளைவு வளைவான நடைபாதை, ஊதா வண்ணம் பூசிய கட்டடங்கள், பூக்கடைகள், பக்கத்திலேயே வானத்தைக் குத்தும் கோபுரங்கள். உறையூர்க் கடைத்தெருவைத் துடைத்து, மழையில் கழுவி, மேலே ஒரு மோனோ ரயில் விட்டதுபோல் இருந்தது. ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பியைச் சாப்பிட்டேன். சால்னா கேட்டேன், பருப்பு வந்தது. பரிமாறிய அண்ணன், "சிஸ்டர் தமிழ்நாடா? அங்க போய் நான் பருப்பு கேட்டப்ப சால்னா குடுத்தாங்க, நான் ஏதும் சொன்னேனா?" என்றார். அதோடு கணக்கு நேர்.

இரண்டாம் நாள் பங்சார். மேடும் பள்ளமுமான தெருக்களில் மூச்சு வாங்க நடந்து போய்ச் சேர்ந்தேன். தஞ்சாவூர்க்காரர் எனக்கு முன்பே வந்து, எனக்கு நாற்காலியும் தனக்குக் கவலையும் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னார். யோசிக்காமல் சொன்னது ஒன்றுதான்: "எனக்குச் சமைக்கத் தெரியும், மேடம்." இருபத்தைந்து வயதில் மேடம் என்று கூப்பிடப்பட்டதில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது, "ஊர்ல அம்மாவுக்கே இன்னும் சொல்லல. என் விவரமெல்லாம் உங்க போன்ல மட்டும்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"மட்டும்தான் சார். பத்திரமா இருக்கு" என்றேன். பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் கிளாங்குக்குக் கிளம்பினேன், தப்பான ரயிலில். குளிரூட்டிய பெட்டி, பெண்களுக்கென்று தனியாக இளஞ்சிவப்புப் பெட்டி, உட்கார இடம். இவ்வளவும் ஒரே நேரத்தில் கிடைத்த மயக்கத்தில் ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. எதிரே இருந்த மலாய் அம்மா என்னையும் மேலே ஒட்டியிருந்த வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த தமிழ்ப்பெண் மொழிபெயர்த்தாள்: "கிளாங் போற பக்கம் இது இல்லையாம். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி எதிர்ப்பக்கம் ஏறணுமாம். மகளே, தண்ணி குடிச்சிக்கோ, முகம் வாடியிருக்குன்னும் சொல்றாங்க." அந்த அம்மா எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். தப்பான ரயில்களில் நல்லவர்கள் அதிகம் போல.

கிளாங் நிலையத்தில் ஷாமினி அக்கா கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்திநாலு வயது, துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை, கழுத்தில் அலுவலக அட்டையைக் கழற்ற மறந்திருந்தார். பேசும் வேகத்தில் நடப்பார், நடக்கும் வேகத்தில் கார் ஓட்டுவார்.

"முதல்ல சாப்புடுவோம் லா. பசியோட பேசுனா நான் எல்லாரையும் வேணாம்னு சொல்லிடுவேன்."

வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. மதியக் கூட்டம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் இலை முன்னால் இது போர்வை. சோறு, மூன்று காய், மொறுமொறுப்பாகப் பொரித்த பாகற்காய், அப்பளம், மோர் மிளகாய், தனிக்கோப்பையில் ரசம். பாகற்காயை மட்டும் திரும்பத் திரும்ப வாங்கினேன். படம் எடுத்து, போனைச் சத்தமில்லாமல் வைத்து, இலையோரமாகக் கவிழ்த்தேன். முக்கியமான பேச்சு நடக்கும்போது போன் அலறக்கூடாது என்பது அத்தையின் பாடம்.

ஷாமினி அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"கயல், ஒண்ணே ஒண்ணு. எங்க அண்ணனுக்கு இது தெரியக்கூடாது. ரவி அண்ணன். பண்டமாரான்ல லோரி ஷெட் வச்சிருக்காரு, அவர் வீட்லதான் நான் இருக்கேன்."

"கோவப்படுவாரா?"

"ஐயோ, தங்கமான மனுஷன் லா! அதான் பிரச்சினை. நான் கல்யாணத்துக்கு ரெடின்னு தெரிஞ்சா, அன்னிக்கே அண்ணியோட தம்பியக் கூட்டிட்டு வந்து ஹால்ல உக்கார வச்சிடுவாரு. அந்த ஆளு சாப்புடும்போது கூட ஹெல்மெட் கழட்ட மாட்டான்." சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "முதல் கல்யாணம் அவங்க பாத்ததுதான். நான் ஒண்ணும் சொல்லல. இந்தத் தடவ நானே ஒருத்தரப் பாத்து, நானே சரின்னு சொல்லிட்டு, அப்புறம் அண்ணன் கால்ல விழுறேன். அந்த ஒரு மாசம்தான் எனக்கு வேணும்."

"யாருக்கும் தெரியாது அக்கா. நான் பொறுப்பு."

அவர் முகம் தெளிந்தது. 'அண்ணனுக்குத் தெரியக்கூடாது' என்று போனில் குறித்துக்கொண்டு, பங்சார்க்காரரின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சமைப்பாராமா?" என்று மட்டும் கேட்டார். போனை மறுபடி இலையோரமாகக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அத்தையிடம் உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த உற்சாகத்தில் இலையை, இங்கும் நம்மூர் வழக்கம்தான், என் பக்கமாக மடித்தேன். பெரிய இலை, பெரிய மடிப்பு. கை கழுவினோம், கிளம்பினோம்.

நாலு கடை தள்ளி ஒரு பூக்கடை. ரோஜாவும் ஆர்க்கிட் பூவும் சேர்த்து ஆளுயர மாலை ஒன்று தொங்கியது. படம் எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். குடை இருந்தது. மிட்டாய் இருந்தது. போன் இல்லை.

ஓடினோம். எங்கள் மேசையில் ஒரு சீனக் குடும்பம் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில், நாற்காலியில், கல்லாவில், கை கழுவும் இடத்தில், எங்கும் இல்லை. பரிமாறும் அக்கா, "இங்க எதுவும் வைக்கலயே மா" என்றார். ஷாமினி அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டோம். மணி போனது. எடுக்க ஆளில்லை. சத்தத்தை நானே அடக்கியிருந்தேனே.

"யாரோ எடுத்துட்டாங்க" என்றேன்.

"லாக் இருக்குல்ல?"

இருக்கிறது. பிள்ளையார் சுழி. கிளாங் முழுக்கத் தமிழர்கள். எவர் கையில் கிடைத்தாலும் அந்தக் கை தானாகச் சுழி போடும். ஷாமினி அக்காவிடம் சொன்னேன். அவர் தன் போனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என்னோடதும் அதான்" என்றார்.

சரி, இதற்கெல்லாம் வழி இருக்கிறது, நான் படித்தவள். அவர் போனில் என் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, தொலைந்த போனைத் தேடிவிடலாம். கடவுச்சொல் போட்டேன். 'நீங்கள்தானா என்று உறுதிசெய்ய, உங்கள் போனுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்' என்றது. எந்தப் போனுக்கு? அந்தப் போனுக்கேதான். வீட்டைப் பூட்டி, சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றேன்.

இன்னொரு வழி உண்டு. வீட்டில் அம்மா சீரியல் பார்க்கும் டேப் என் கணக்கில்தான் ஓடுகிறது. அதிலிருந்து தேடலாம். ஆனால் அம்மாவின் எண்? தெரியாது. தம்பியின் எண்? தெரியாது. அத்தையின் எண்? 'அத்தை' என்று சேமித்திருக்கிறேன், அவ்வளவுதான் தெரியும். ஷாமினி அக்காவிடமும் என் எண் மட்டுமே இருந்தது. என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு எண்: அப்பாவின் மளிகைக் கடைப் பெயர்ப்பலகையில், நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலம் முதல் தினமும் படித்த எண்.

"அப்பா, கயல் பேசறேன். போன் தொலஞ்சிருச்சு. அந்த சிம் உங்க பேர்ல இருக்கு, கம்பெனிக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அம்மா நம்பரச் சொல்லுங்க."

"நீ எங்கடி சாப்ட்ட?" என்றார் அப்பா. அவருக்கு எப்போதும் அதுதான் முதல் கேள்வி.

அம்மா டேப்பை எடுத்து வந்தார். சொல்லச் சொல்ல அழுத்தினார். என் போன் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிகிறது என்றார்.

"நகருதுடி!"

"எங்கம்மா?"

"எனக்கு என்ன தெரியும், ரோட்டுல நகருது. ஏதோ ஜாலான், ஜாலான்னு நிறைய போட்டிருக்கு. எல்லாத் தெருவுக்கும் ஒரே பேரா வச்சிருக்காங்க?"

ஜாலான் என்றால் மலாயில் சாலை என்று விளக்க அது நேரமில்லை. நானும் ஷாமினி அக்காவும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரே போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். திருச்சியில் அம்மா, கிளாங் தெருக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு மேசை தள்ளி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"நின்னுருச்சு. பண்ட... பண்டமாரான்."

ஷாமினி அக்கா என் கையைப் பிடித்தார். "அங்க எல்லாருக்கும் எங்க அண்ணனத் தெரியும், கயல். நாய்க்குக் கூடத் தெரியும்."

அழித்துவிடலாம். தொலைவிலிருந்தே போனைத் துடைக்க முடியும். ஆனால் துடைத்தால் எல்லாம் போகும். சேமிப்பிடம் நிறைந்துவிட்டது, காப்பு எடுக்க முடியவில்லை என்று போன் பல மாதங்களாகக் கெஞ்சியது. நானும் பல மாதங்களாக 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன். காகிதங்களையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அத்தனை வீடுகள், அத்தனை குறிப்புகள். துடைத்த பிறகு புள்ளியும் தெரியாது, போனைத் தேடவும் முடியாது.

"உங்க அத்த திட்டுவாங்களே" என்றார் ஷாமினி அக்கா. அழி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அழிச்சிரும்மா" என்றேன்.

"உங்க அத்தகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"வேணாம்மா. இப்பவே."

"இத அழுத்துனா டேப்ல இருக்கறதும் அழிஞ்சிருமா? நேத்து சீரியல் இன்னும் பாக்கல."

"அழியாதும்மா!"

"பாஸ்வேர்டு கேக்குதுடி."

கூட்டமான கடையில் கடவுச்சொல்லை எப்படிச் சொல்வது? கை கழுவும் இடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன். "முதல் எழுத்து பெருசும்மா." "எவ்ளோ பெருசு?" என்றார் அம்மா. மூன்றாவது முயற்சியில் ஏற்றுக்கொண்டது. "ஏதோ சுத்துதுடி... சுத்துது... முடிஞ்சிருச்சு. புள்ளியும் போயிருச்சு."

குழாயை மூடினேன். ஷாமினி அக்கா எனக்கு ஒரு தே தாரிக் வாங்கி வைத்திருந்தார். உயரத்திலிருந்து ஆற்றிய நுரைத் தேநீர். ஊதி ஊதிக் குடித்தேன். எனக்கு அழுகையும் வந்தது, அடுத்து இன்னொன்று குடிக்கலாமா என்றும் தோன்றியது.

அப்போது பக்கத்து மேசையைச் சுத்தம் செய்ய அந்தப் பரிமாறும் அக்கா வந்தார். மடித்த இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அப்படியே சுருட்டி, தள்ளுவண்டியில் இருந்த தொட்டிக்குள் போட்டார். உள்ளே ஏதோ 'ணங்' என்றது. "ஐயோ, ஸ்பூன்" என்று கையை விட்டுத் துழாவினார்.

நானும் ஷாமினி அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இலையோரம். கவிழ்த்து வைத்தேன். என் பக்கமாக மடித்தேன். பெரிய மடிப்பு.

"அக்கா, இந்த இலையெல்லாம் எங்க போகும்?"

"பின்னாடி டிரம்முல போடுவோம். மாட்டு அங்கிள் வந்து லோரில ஏத்திட்டுப் போவாரு, அவரு மாட்டுக்கு. ஏன் மா?" கேட்டுவிட்டு அவரே வாயில் கை வைத்துக்கொண்டார். "இலையோடவா போச்சு?"

திருடன் இல்லை. என் போனைத் திருடியது நான்தான், வாழை இலையில் பொட்டலம் கட்டி.

மாட்டு அங்கிளின் எண்ணைக் கடைக்காரர் கொடுத்தார். கூப்பிட்டதும் எடுத்தார். "ஹேன்போனா? உங்களோடதா? இப்பதான் மா, லட்சுமி வாயில இருந்து புடுங்குனேன்."

பண்டமாரானில் ஒரு சந்துக்கடைசியில் தகரக்கூரைத் தொழுவம். சற்றுத் தள்ளி ரவி அண்ணனின் லோரி ஷெட். ஷாமினி அக்கா காரைத் திரும்பி நிற்கும்படி நிறுத்தி, "நான் இறங்கல, நீ போய் வாங்கிட்டு ஓடி வா" என்றார். நான் கதவைத் திறக்கும் முன்பே மாட்டு அங்கிள் அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். அரைக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், கையில் என் போன்.

"அட, நம்ம ரவி தங்கச்சி! நீயா மா?"

"ஆமா அங்கிள். என் ஃபிரெண்டோட போன். இந்தியாவுல இருந்து வந்திருக்கா."

"ரசத்துல நல்லா ஊறியிருந்துச்சு, தொடச்சு வச்சேன். வீட்டு நம்பர் இருக்குமே, கூப்புட்டுச் சொல்லலாம்னு பிள்ளையார் சுழி போடப் பாத்தேன். என்னோடது, என் சம்சாரத்தோடது எல்லாம் சுழிதான். ஆனா இதுல சுழி போட இடமே காட்டல. ஹலோங்குது, அப்புறம் உன் பாஷை என்னங்குது. என்னயா கேக்குது, மாட்டயா கேக்குது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஷாமினி அக்கா சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ரவிக்குத்தான் ஹேன்போன் பத்தி எல்லாம் தெரியும். அவன்கிட்ட குடுத்துத் தொறக்கச் சொல்லலாம்னு பூட்ஸ மாட்டுனேன். அதுக்குள்ள நீங்க கூப்புட்டீங்க" என்றார் மாட்டு அங்கிள்.

துடைக்காமல் இருந்திருந்தால், அங்கிள் போட்ட சுழிக்கே போன் திறந்திருக்கும், அந்தப் பூட்ஸ் சத்தம் நேராக லோரி ஷெட்டுக்குப் போயிருக்கும். போனைத் திறந்ததும் கடைசியாகப் பார்த்த படம் தெரியும். அதற்குமேல் ஷாமினி அக்காவின் பெயரும், பிறந்த நேரமும், 'அண்ணனுக்குத் தெரியக்கூடாது' என்று நானே தட்டி வைத்த குறிப்பும்.

அங்கிளுக்கு நன்றி சொல்லி, லட்சுமிக்கு மலாய் அம்மா கொடுத்த மிட்டாயைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னைக் கேலியாகப் பார்த்து, "ஹேன்போன் தின்ன வாய்க்கு மிட்டாயா?" என்றார். தெருமுனை தாண்டியதும் ஷாமினி அக்கா காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வர, ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். நடுவில் எப்போது அழுதார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்தத் தஞ்சாவூர் ஆளு சனிக்கிழம ஃப்ரீயான்னு கேளு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானே பாக்குறேன். ஆனா இலைக் கடை வேணாம். தட்டுல போடுற கடையா பாத்துச் சொல்லு."

அப்பாவைக் கூப்பிட்டு, போன் கிடைத்துவிட்டது, சிம்மை நிறுத்த வேண்டாம் என்றேன். அவர் இன்னும் 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்ற இடத்தைத் தாண்டியிருக்கவில்லை. "அழுத்திட்டேன், மறுபடி ஆரம்பத்துல இருந்து சொல்றா" என்றார் வருத்தமாக.

திரும்பும் ரயிலில், சரியான ரயில்தான், என் போன் பிறந்த குழந்தை மாதிரி மடியில் கிடந்தது. ரசத்தின் மணம் மட்டும் பழைய வாழ்க்கையை நினைவூட்டியது. மொழி கேட்டது, சொன்னேன். பூட்டுப் போடு என்றது. என் விரல் தானாக நடுப்புள்ளிக்குப் போய், மேலே ஏறியது. பாதியில் பிடித்து நிறுத்தினேன். ஆறு எண்கள் போட்டேன், யாருடைய பிறந்தநாளும் இல்லாத எண்கள். பூட்டிய திரையில் செய்திகள் தெரியாதபடி மறைத்தேன். அவசரத்துக்கென்று கணக்கு தரும் மாற்றுக் குறியீடுகளை எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்தேன். போன் போனாலும் சாவி வெளியே இருக்கட்டும். குழாயடியில் சொன்ன கடவுச்சொல்லை மாற்றினேன். தொலைத்த பிறகு தேடும் வழியெல்லாம் தொலைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம். கடைசியாக அம்மா எண்ணையும் அத்தை எண்ணையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன், கிளாங் முதல் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை, உதடு அசைய. பக்கத்தில் இருந்தவர் நான் மந்திரம் சொல்வதாக நினைத்து இடம் விட்டு நகர்ந்தார்.

அத்தையிடம் சொல்வதுதான் பாக்கி. சொன்னேன்.

"எல்லாமா?"

"எல்லாம் அத்தை."

"அந்தப் பொண்ணு விஷயம் யாருக்கும் தெரியலல்ல?"

"தெரியல."

"அப்ப சரி" என்றார் அத்தை. "மறுபடி வீடு வீடாப் போவோம். நீ வந்ததுல இருந்து எல்லாத்தையும் போன்லயே முடிச்சு, எனக்கு ஒரு வீட்லயும் காபி கிடைக்கல."

சனிக்கிழமை தஞ்சாவூர்க்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாராம். ஷாமினி அக்கா தகவல் அனுப்பினார்: "ரெண்டு மணி நேரம் பேசினோம். போனப் பையில வச்சிட்டேன். மீதி நேர்ல." அண்ணனுக்கு எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்வார். நான் கேட்கவில்லை.

கிளம்பும் நாளில் மறுபடியும் அந்தக் கைப்பேசிக் கடைக்குப் போனேன். டெம்பர் கிளாஸில் லட்சுமியின் பல் பட்டு ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் கதையைக் கேட்டுச் சிரித்து, புதுக் கண்ணாடி ஒட்டி, போனை என் பக்கம் நீட்டி, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்களே தொறங்க, நான் பாக்கல. நானும் நேத்து மாத்திட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப எனக்கே தொறக்க வரமாட்டேங்குது. வைஃபக் கூப்புட்டுத்தான் கேக்குறேன்" என்றார்.

ஊருக்குப் போனதும் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகக் கேட்கப்போகிறேன்: எதை நான் வைத்துக்கொள்ளலாம், எதை நேரில் மட்டும் சொல்வீர்கள், வேலை முடிந்ததும் எதை உங்கள் கண் முன்னால் அழிக்கட்டும் என்று. இதுவரை அவர்களிடம் நான் கேட்டதே இல்லை, கொடுத்தார்கள், ஏற்றிக்கொண்டேன்.

ஆனால் அதற்கும் முன்னால் அத்தையின் போன் இருக்கிறது. அதன் பூட்டு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சுழி போடாமல் எந்தக் காரியத்தை ஆரம்பிக்க முடியும் என்று சண்டை போடுவார். ஒருவழியாக ஆறு எண்களுக்குச் சம்மதிக்க வைத்துவிடுவேன். வைத்த கையோடு அந்த எண்களைச் சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதி, மேலே ஒரு பிள்ளையார் சுழியும் போட்டுவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் விமான நிலையத்திலிருந்து நேராக அத்தை வீட்டுக்குத்தான் போகிறேன். முதலில் அந்தப் பேனாவை ஒளித்து வைக்க வேண்டும்.